கஷாய பாட்டிலில் பாரபென்: எங்கள் கொழிஞ்சாம்பாறை குடும்பக் குழுவில் பேசியது

பெரியம்மா: எல்லோரும் இதைப் படியுங்கள். முட்டுவலிக்குக் குடிக்கிற கஷாயத்தில் கெடாமல் இருக்க பாரபென் என்ற ரசாயனம் கலக்கிறார்கள், புற்றுநோய் வரும் என்று ஒரு ஃபார்வர்டு வந்தது. என் பாட்டிலை எடுத்துப் பார்த்தால் சோடியம் மெத்தில் பாரபென், சோடியம் புரொப்பில் பாரபென் இரண்டும் போட்டிருக்கிறது. கொட்டிவிடப் போகிறேன்.

பொள்ளாச்சி மாமா: கொட்டுங்கள் அக்கா. வேலந்தாவளம் பக்கம் ஒரு வீட்டில் எதுவும் சேர்க்காமல் காய்ச்சித் தருகிறார்களாம். லேபிள் எல்லாம் கிடையாது, ஒரு லிட்டர் கேன், ஒரு மாதம் வரும். வாங்கி வரட்டுமா?

நான்: பெரியம்மா, கொட்ட வேண்டாம். மாமா, அந்தக் கேனும் வேண்டாம். கஞ்சிக்கோட்டில் சிரப் கம்பெனியில் எனக்கு வேலையே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான்: கஷாயத்தில் பெரும்பங்கு தண்ணீர், பூஞ்சைக்கும் ஈஸ்டுக்கும் அது போதும். அந்தக் காலத்தில் அன்றன்று காய்ச்சி அன்றே குடித்தார்கள், அதனால் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. எதுவுமே சேர்க்காமல் ஒரு மாதம் கேனில் வைத்துக் குடிப்பதுதான் எனக்குப் பயம். எல்லா நேரமும் மேலே பூசணம் படர்ந்து காட்டிக்கொடுக்காது, நாற்றமும் வராது.

அண்ணி: அரிஷ்டம் மட்டும் எப்படி வருடக்கணக்கில் கெடாமல் இருக்கிறது?

நான்: நல்ல கேள்வி அண்ணி. அரிஷ்டம் வெல்லமும் தாதகிப் பூவும் போட்டுப் புளிக்க வைப்பது, அதில் தானாக உண்டாகிற ஆல்கஹாலே அதைக் காப்பாற்றுகிறது. கஷாயத்தில் அது இல்லை.

பெரியம்மா: அதற்கு இந்த மருந்துதான் போட வேண்டுமா கண்ணு?

நான்: பாரபென் பூஞ்சையையும் ஈஸ்டையும் நன்றாக அடக்கும், கொஞ்சம் போட்டாலே போதும். ஆனால் சாதாரண மெத்தில் பாரபென் லேசில் கரையாது, ஒரு கிராமுக்கு 400 மில்லி தண்ணீர் வேண்டும், புரொப்பில் என்றால் இரண்டு லிட்டருக்கும் மேல். கொதிக்கிற தண்ணீரில் கரைத்து ஊற்றினாலும் ஆறும்போது அடியில் படியலாம். அப்படியானால் மேல் பாதியில் பாரபென் குறைவு, அடியில் அதிகம். சோடியம் உப்பாக மாற்றியது பச்சைத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். அதில் ஒரு சிக்கல் உண்டு, உப்பைப் போட்டால் பிஎச் ஏறும், அதாவது கஷாயம் காரத்தன்மைப் பக்கம் போகும். 8க்கு மேல் போனால் பாரபெனுக்கு வேலை செய்கிற சக்தி குறையும், நாளாக ஆக அது சிதையவும் செய்யும். அதனால் பிஎச் பார்த்துச் சரிசெய்யாமல் நாங்கள் எந்த பேட்சையும் பாட்டிலுக்கு விடுவதில்லை. வீட்டில் கேனில் அடைத்துத் தருகிறவரிடம் பிஎச் மீட்டர் இருக்குமா மாமா?

பொள்ளாச்சி மாமா: அது சரி. ஆனால் புற்றுநோய் என்று ஆராய்ச்சியே இருக்கிறதாமே?

நான்: 2004இல் இங்கிலாந்தில் 20 மார்பகக் கட்டிகளைச் சோதித்து பாரபென் இருக்கிறது என்று சொன்னார்கள். இருந்தது உண்மை. அதனால்தான் கட்டி வந்தது என்று அவர்களே சொல்லவில்லை, கட்டி இல்லாத திசுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஃபார்வர்டு எழுதுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள், வயதானவர்கள் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், எனக்குக் கோபம் அதில்தான்.

நான்: அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு மெத்தில், எத்தில் பாரபெனுக்கும் அவற்றின் சோடியம் உப்புக்கும் சேர்த்து, உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை சரி என்றது. பெரியம்மா 50 கிலோ என்றால் 500 மில்லிகிராம். வாய்வழி மருந்தில் மெத்தில் பொதுவாக 0.2 சதவீதத்துக்குள்தான். காலையும் மாலையும் 15 மில்லி என்றால் அதிகபட்சம் 60 மில்லிகிராம், அதையும் உடல் உடைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும்.

அக்கா: புரொப்பிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

நான்: அங்கேதான் எனக்கும் தயக்கம். இளம் ஆண் எலிகளில் ஹார்மோனையும் இனப்பெருக்க உறுப்பையும் பாதித்ததால் அந்த வரம்பில் புரொப்பிலைச் சேர்க்கவில்லை. 2006இல் ஐரோப்பாவில் உணவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கலிபோர்னியாவிலும் 2027 முதல் உணவில் கூடாது. மருந்தில் போடுவது மிகக் குறைவு, பெரியம்மா வயதில் நான் பயப்பட மாட்டேன். நீ மாசமாக இருக்கிறாய், எந்தக் கஷாயமானாலும் டாக்டரிடம் கேட்காமல் குடிக்காதே. இன்னொன்று அண்ணி, பாப்பாவுக்கு டயப்பர் கட்டுகிற இடத்தில் தடவுகிற கிரீமில் புரொப்பில், பியூட்டைல் பாரபென் இருந்தால் மாற்றிவிடுங்கள், மூன்று வயதுக்குள் அந்த இடத்தில் தடவி விடுகிற கிரீமில் அவை கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமே உண்டு.

அண்ணி: இதோ பார்க்கிறேன்.

பெரியம்மா: எனக்கு மனசு ஒப்பவில்லை கண்ணு. இது இல்லாமல் வராதா?

நான்: வரும் பெரியம்மா. பல கஷாயங்கள் மாத்திரையாகவே கிடைக்கும், தண்ணீர் இல்லாததால் இந்தப் பிரச்சினையும் குறைவு. வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அதுவரை இருக்கிற பாட்டிலைக் குடியுங்கள், வாயை வைக்காமல் மூடியில் ஊற்றி, குடித்ததும் இறுக்கி மூடி வையுங்கள்.

பொள்ளாச்சி மாமா: சரி, கேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன் அக்கா, இரண்டு பேரும் வைத்தியரிடம் போகலாம்.