பேட்ச் லூப்புக்குள் மாறாமல் நின்ற மாறி: எங்கள் அனுபவங்கள்

பகிர்வு 1

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கணினி வேலைகளைக் கவனித்துவந்தபோது, ஸ்கேன் செய்த பில்களுக்கு வரிசை எண் இட்டு வேறொரு கோப்புறைக்கு நகர்த்துவதற்காகச் விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறிய பேட்ச் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். லூப்புக்கு (ஒவ்வொரு கோப்புக்கும் அதே கட்டளைகளைத் திரும்பச் செய்யும் பகுதிக்கு) முன்னால் 'எண்' என்ற மாறியில், அதாவது மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயரில், 0 வைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் 'செட் ஸ்லாஷ் ஏ' கட்டளையால் ஒன்றைக் கூட்டி, 'பில்_%எண்%' என்ற பெயரில் (சதவீதக் குறிகளுக்குள் உள்ள பெயரின் இடத்தில் மாறியின் மதிப்பு வரும்) கோப்பை மூவ் செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 140 பில்கள் இருந்த கோப்புறையில் ஓட்டினேன். ஒரு கோப்பு நகர்ந்தது என்ற வரி 140 முறை வந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. போய்ச் சேர வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தால், பில்_0 என்ற ஒரே கோப்பு மட்டும் இருந்தது.

முந்தைய நாள் கட்டளைச் சாளரத்தில் மூவ் கட்டளையை நேரடியாகத் தட்டிப் பார்த்தபோது, அதே பெயரில் கோப்பு இருந்தால் மேலெழுதலாமா என்று கேட்டது. பேட்ச் கோப்புக்குள் ஓடும்போது அது கேட்காமலேயே மேலெழுதிவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. காகிதப் பில்கள் கையில் இருந்ததால் இழப்பு நிரந்தரமாகவில்லை. ஆனாலும் அவற்றை ஸ்கேன் செய்திருந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் பில் கட்டை மறுபடி அவிழ்த்ததை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

குழப்பத்தைக் கூட்டியது என்னவென்றால், லூப் முடிந்த பிறகு மாறியை அச்சிட்டுப் பார்த்தபோது சரியாக 140 என்று வந்ததுதான். அப்படியானால் கூட்டல் நடந்திருக்கிறது. பெயரில் மட்டும் அது ஏறவில்லை. கடைசியில், பில்களின் நகல்களை வேறொரு கோப்புறையில் வைத்துக்கொண்டு, ஸ்கிரிப்டின் முதல் வரியில் இருந்த, கட்டளைகளைத் திரையில் காட்டாமல் மறைக்கும் 'எக்கோ ஆஃப்' கட்டளையை நீக்கிவிட்டு ஓட்டினேன். முதல் கோப்பு நகர்வதற்கு முன்பே லூப்பின் உடல் முழுவதும் திரையில் வந்தது. அதில் சதவீதக் குறிகளைக் காணவில்லை, அந்த இடத்தில் 'பில்_0' என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

அந்த ஒரு வரியில் எல்லாம் விளங்கிவிட்டது. அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும் தொகுதி எத்தனை வரி நீண்டாலும், பேட்ச் கோப்புகளை ஓட்டும் விண்டோஸ் நிரலான சிஎம்டி அதை ஒரே கட்டளையாகவே வாசிக்கிறது. வாசிக்கும் அந்தக் கணத்திலேயே சதவீதக் குறிக்குள் இருக்கும் ஒவ்வொரு மாறியையும் அப்போதைய மதிப்பாக மாற்றிவிட்டு, அதன் பிறகே ஓட்டத் தொடங்குகிறது. 'செட் ஸ்லாஷ் ஏ' சதவீதக் குறி இல்லாமலேயே மாறியின் பெயரை ஏற்றுக்கொள்வதால், அது மட்டும் ஓடும் நேரத்து மதிப்பைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

இதற்கான மருந்து, விண்டோஸ் 2000 முதல் இருந்துவரும் தாமத விரிவாக்கம், அதாவது மாறியை மதிப்பாக மாற்றுவதை (விரிப்பதை) ஓடும் நேரம்வரை தள்ளிப்போடுவது. 'செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன்' என்று அறிவித்து, %எண்% என்பதற்குப் பதிலாக !எண்! என்று எழுதினால், அந்தந்தச் சுற்றில் அந்த வரி ஓடும் நேரத்து மதிப்பு கிடைக்கும். இயல்பில் இது அணைக்கப்பட்டே இருக்கும். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் மூன்று வாரம் கழித்து 'அவசரம்!' என்று பெயரிட்ட ஒரு பில் வந்தபோது, கோப்பைக் காணவில்லை என்று ஸ்கிரிப்ட் சொன்னது. ஒவ்வொரு சுற்றிலும் கோப்பின் பெயரைத் தாங்கும் லூப்பின் சொந்த மாறியான %%எஃப் முதலில் விரிகிறது; தாமத விரிவாக்கம் அதற்குப் பிறகு வருவதால், கோப்புப் பெயரில் இருந்த ஆச்சரியக்குறியையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடுகிறது. ஆகவே இப்போது தாமத விரிவாக்கத்தை அணைத்த நிலையில் லூப்பைத் தொடங்கி, %%எஃப்-ஐ ஒரு சாதாரண மாறியில் வைத்து, எண்ணையும் அங்கேயே கூட்டிவிட்டு, அதன் பிறகு செட்லோக்கலால் விரிவாக்கத்தை இயக்கி, மூவ் முடிந்ததும் செட்லோக்கல் திறந்த தற்காலிக நிலையை 'எண்ட்லோக்கல்' போட்டு மூடுகிறேன். கூட்டலை செட்லோக்கலுக்குப் பின்னால் வைத்தால், எண்ட்லோக்கல் வந்ததும் கூட்டிய மதிப்பு பழையபடி ஆகிவிடும். எண்ட்லோக்கலை மறந்தாலோ, செட்லோக்கல் 32 அடுக்குகளுக்கு மேல் போகாது என்பதால் ஸ்கிரிப்ட் நடுவழியில் நின்றுவிடும். இரண்டு தவறுகளையும் செய்து பார்த்த பிறகே இந்த வரிசை எனக்கு நிலைத்தது.

பகிர்வு 2

எனக்கு வாய்த்தது லூப் அல்ல, நிபந்தனை சரியானால் மட்டும் ஓடும் இஃப் தொகுதி; காரணம் அதே முன்கூட்டிய விரிவாக்கம்தான். ஒரு மென்பொருளை நிறுவும் ஸ்கிரிப்டில், குறிப்பிட்ட கோப்புறை இருந்தால், நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியலான பாத் மாறியின் கடைசியில் அதைச் சேர்க்கும்படி அடைப்புக்குறிகளுக்குள் எழுதியிருந்தேன். 32 பிட் விண்டோஸில் ஓடிய அது, 64 பிட் கணினிகளில் ஏதோ ஒரு சொல் அந்த இடத்தில் எதிர்பாராதது என்று சொல்லி உடனே நின்றது. அந்தக் கணினிகளின் பாத் மாறியில் 'புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)' இருந்தது. விரிந்த மதிப்பில் இருந்த மூடும் அடைப்புக்குறியையே தொகுதியின் முடிவாக சிஎம்டி எடுத்துக்கொண்டது. இஃப் நிபந்தனை பொய்யாக இருந்த கணினியிலும் இது நேர்ந்தது, ஏனெனில் நிபந்தனையைச் சோதிப்பதற்கு முன்பே தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டுவிடுகிறது. செட் கட்டளையில் மாறியின் பெயர் தொடங்கி மதிப்பின் முடிவு வரை முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்த பிறகு சிக்கல் தீர்ந்தது.

பகிர்வு 3

என் அனுபவம் பேக்கப் எடுப்பதில் வந்தது. பல கோப்புறைகளை ஒரு லூப்பில், விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி மூலம் நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு, கட்டளை திருப்பும் முடிவு எண்ணான %எரர்லெவல்% மதிப்பைப் பதிவேட்டில் எழுதிவந்தேன். பல மாதங்களாக எல்லா வரிகளிலும் 0 என்றே இருந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் பழைய கோப்பு ஒன்றைத் தேடியபோது, அதன் கோப்புறை நகலாகவே இல்லை. பதிவேட்டில் இருந்தது லூப் தொடங்குவதற்கு முன்பிருந்த 0.

உண்மையில் அந்தப் பதிவேடே எனக்கு முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும்: ரோபோகாப்பி புதிய கோப்புகளை நல்லபடியாக நகலெடுத்தால் திருப்புவது 1, எதையும் நகலெடுக்கத் தேவையில்லாதபோதுதான் 0, 8-உம் அதற்கு மேலும் வந்தால்தான் தோல்வி. தினமும் புதிய கோப்புகள் சேரும் இடத்தில் 0 மட்டுமே வருவது இயலாத காரியம். இப்போது 'இஃப் எரர்லெவல் 8' என்று சதவீதக் குறி இல்லாமல் எழுதுகிறேன்; அது ஓடும் நேரத்தில் சோதிக்கும், 8 அல்லது அதற்கு மேல் என்று பொருள்படும். எண்ணையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும்போது, லூப்பின் உடலை ஸ்கிரிப்டிலேயே பெயரிட்ட ஒரு தனிப் பகுதிக்கு (லேபிளுக்கு) கொண்டுபோய் 'கால்' கட்டளையால் அழைக்கிறேன். அங்கே ஒவ்வொரு வரியும் தனித்தனியாக வாசிக்கப்படுவதால், பழைய சதவீதக் குறியே சரியான மதிப்பைத் தருகிறது. கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் கால் மெதுவாகும். என் பேக்கப்பில் இருப்பவை 12 கோப்புறைகளே.