ஆடிக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு: ஏற்காட்டோடு நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். இந்த ஆடி நோன்பிக்குப் பத்துக் குடும்பங்களுக்கு மேல் பிள்ளைகளோடு வருகிறார்கள் என்று நம் ஊர்க் குழுவில் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. "வந்தால் பிள்ளைகளுக்கு எதையெல்லாம் காட்டலாம்?" என்று மஸ்கட் அண்ணன் கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் தோகாவில் பிறந்து வளர்ந்தவள். முன்பெல்லாம் ஊருக்கு வந்தால் நாலு நாள் உறவுக்காரர் வீடு, ஒருநாள் ஏற்காடு, படகு, திரும்ப விமானம், அவ்வளவுதான். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "அம்மா, நம்ம ஊர்ல என்னம்மா இருக்கு?" என்று என்னிடம் வந்து நின்றாள். ஏரியையும் படகையும் விட்டால் அவளுக்கு எழுத ஒன்றுமே இல்லை. நான் காட்டவில்லை, அதனால் அவளுக்குத் தெரியவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போன ஆடியில் பத்து நாள் இதற்கென்றே ஒதுக்கி, என் தம்பியையும் கூட்டிக்கொண்டு நம் சேலம் மாவட்டத்தைச் சுற்றினோம். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கஞ்சமலைக்குப் போங்கள். அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்குப் போகிற மலை என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் அந்த மலை இரும்புத் தாது நிறைந்த மலை. ஆங்கிலேயர் காலத்தில், 1830களில், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோது தாது போனது நம் சேலம் பக்கத்திலிருந்துதான். இதையெல்லாம் வாயால் சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறாது. என் தம்பி பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்து அதிலிருந்த வட்டக் காந்தத்தைக் கழற்றி எடுத்து வந்திருந்தான். முந்தின நாள் மழை பெய்து வடிந்த ஓடை. அந்த மணலில் காந்தத்தை வைத்து ஒரு முழம் இழுத்துத் தூக்கினால், கறுப்பு மணல் கம்பளிப்பூச்சி மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஒட்டியிருக்கிறது. மகள் ஊதிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், விழவில்லை. "இந்த மலை பூராவுமா இரும்பு?" என்று நிமிர்ந்து பார்த்தாளே, அந்தப் பார்வைக்காகவே இன்னொரு தடவை போகலாம். அங்கிருந்து பார்த்தால் சேலம் உருக்காலை பக்கம்தான். கஞ்சமலைத் தாதை நம்பித்தான் அந்த ஆலைக்கான கோரிக்கையே எழுந்தது. கடைசியில் வந்தது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலை, 1980களின் தொடக்கத்தில். நம் வீட்டுச் சமையலறையில் சேலம் எஃகு என்று வாங்குகிறோமே, அதன் பிறந்த இடம்.

இன்னொன்றும் காட்டலாம். சேலம் ஜங்ஷன் தாண்டி ஓமலூர் பக்கம் வெள்ளை வெளேர் என்று மேடுகள் தெரியும். அதுதான் வெள்ளைக்கல், மாக்னசைட். அதிலிருந்து உருக்கு உலைக்குள் பதிக்கிற, சூடு தாங்கும் செங்கல் செய்கிறார்கள். இரும்பும் அதை உருக்குகிற உலைக்கு வேண்டிய கல்லும் ஒரே ஊரில் இருக்கின்றன என்று தம்பி சொன்னபோது எனக்கே அது புதிது.

தாரமங்கலம் நமக்குக் கூப்பிடு தூரம், அதனாலேயே நாம் மதிப்பதில்லை. இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில் அது. சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை, கல்லில் செய்த சங்கிலி எல்லாவற்றையும் பொறுமையாகப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிப்பது வாலியும் இராமனும்தான். இராமன் நிற்கும் தூணருகே நின்றால் வாலி தெரிகிறான். வாலி பக்கம் போய் நின்றால் இராமன் தெரிய மாட்டான். என் மகளும் அவள் அத்தை பையனும் இங்கேயும் அங்கேயுமாக மாறி மாறி ஓடி, "தெரியுதா? தெரியுதா?" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். மறைந்திருந்து அம்பு விட்ட கதையை நான் சொல்லவே வேண்டியதில்லாமல் போயிற்று. காலையில் போங்கள், உச்சிப் பொழுதுக்கு நடை சாத்திவிடுவார்கள்.

சரி, மேட்டூர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அணை என்றதும் பூங்கா, பொரித்த மீன், ஒரு படம், கிளம்பு என்று ஆகிவிடுகிறது. மீன் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 1925இல் வேலை தொடங்கி 1934இல் முடிந்த அணை இது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். நீர் நிற்கும் உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது வழக்கம், அதை நம்பித்தான் தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை நடவு. உபரி நீர் போகும் பதினாறு கண் மதகு திறந்திருந்தால் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பாலத்தில் நின்றால் உடம்பே அதிரும்.

ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன என்பதையும் சொல்லிக் காட்டுங்கள். பண்ணவாடிப் பரிசல்துறைக்குப் போனால் அது புரியும். கோடையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். ஆடியில் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான் தெரியும். என் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், குடும்பம் அப்படி ஊரை விட்டு வெளியேறியதுதான். வீட்டைப் பிரித்தபோது வாசற்கதவின் நிலையை மட்டும் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். நம் ஊரில் மாமா வீட்டு முன்வாசலில் இருக்கிற அந்தக் கனத்த நிலை அதுதான். இடது பக்கத்தில், இடுப்பு உயரத்துக்குக் கீழே, கயிறு உராய்ந்த மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். கன்றுக்குட்டி கட்டிய இடம் என்று அப்புச்சி சொல்வார். பண்ணவாடியில் நின்று தண்ணீரைக் காட்டிவிட்டு, சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போய் மகளின் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உங்கள் வீடுகளிலும் இப்படி அங்கிருந்து வந்த ஏதாவது ஒன்று இருக்கும், ஆத்தாக்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆடிப் பதினெட்டு ஆகஸ்டு 3 வாக்கில் வரும். அன்றைக்கு மேட்டூரில் காவிரியில் நீராட, அணைக்கட்டு முனியப்பனுக்குப் படைக்க, எட்டு ஊர்ச் சனமும் கூடும். நீர் அதிகம் திறந்திருந்தால் ஆற்றில் இறங்க விடமாட்டார்கள். விட்டாலும் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

ஏற்காட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சனி, ஞாயிறு தவிர்த்து, விடிகாலையில் அடிவாரம் தாண்டிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறினால் பிள்ளைகளுக்கு அவ்வளவாகக் குமட்டாது. ஏரிக்கரையிலேயே நாளை முடித்துவிடாமல் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டு வந்து வைத்த பயிர் அது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காப்பிச் செடி. ஆடியில் காய் பச்சையாகத்தான் இருக்கும். பழம் பறிப்பு மார்கழி, தை வாக்கில். சித்திரையில் ஒரு மழைக்குப் பிறகு வந்தால் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி மணக்கும். அப்புறம் சேர்வராயன் மலை உச்சிக்குப் போங்கள். குனிந்து போகிற குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். அது அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் சாமி. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலைக் கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிள்ளியூர் அருவி. மழை பெய்திருந்தால் மட்டும் போங்கள், வயதானவர்களுக்குப் படிகள் கஷ்டம். இருட்டியதும் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்கலாம், குழந்தைகள் கார்த்திகை தீபம் என்பார்கள்.

ஏற்காடு போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது, அங்கே ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய சினிமா நிறுவனம். தமிழின் முதல் வண்ணப் படமும், மலையாளத்தின் முதல் பேசும் படமும் அவர்கள் எடுத்ததுதான். இப்போது மிஞ்சியிருப்பது அந்த வளைவு ஒன்றே. பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சேலம் டவுனுக்கு ஒரு முழு நாள் வேண்டும். சுகவனேசுவரரையும் கோட்டை மாரியம்மனையும் கும்பிட்டுவிட்டுச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஏதாவது ஒன்றைப் பார்க்கக் கேளுங்கள், தெரிந்தவர் மூலம் போனால் அன்பாகக் காட்டுவார்கள். கம்பி இழுத்து, கண்ணி கண்ணியாகக் கோத்து, பற்றவைத்து, மெருகு போட்டு முடிக்கிறவரை ஒரு ஜோடிக் கொலுசு எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். பிறகு கடையில் பேரம் பேச மனசே வராது. ஆடியில் வந்தால் டவுனில் குகை என்கிற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையை விட்டுவிடாதீர்கள். சாமி வேஷம் போட்டு அலங்கரித்த வண்டிகள் வரிசையாக வரும், முன்னால் இடம் பிடிக்கச் சீக்கிரம் போக வேண்டும். சாயங்காலம் தட்டுவடை செட். இரண்டு சின்னத் தட்டைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு விதச் சட்னி. வாங்கியதும் வாயில் போட்டுவிட வேண்டும், நேரமானால் நமத்துவிடும்.

ஆத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் சாலையோரத்தில் சேகோ ஆலைகளைப் பார்ப்பீர்கள். நம் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பால் எடுத்து, மாவைப் படியவிட்டு, குலுக்கி உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. அதே சாலையில் புத்திரகவுண்டம்பாளையத்தில் 146 அடி முருகன் சிலை, 2022இல் குடமுழுக்கு ஆனது. சங்ககிரிக் கோட்டைக்கு விடிகாலையில் ஏறுங்கள். தீரன் சின்னமலையை 1805இல், ஆடிப் பதினெட்டு அன்று தூக்கிலிட்ட இடம். பூலாம்பட்டியில் படகேறி அக்கரை நெருஞ்சிப்பேட்டை போய்வர அரைநாள் போதும்.

பெங்களூரில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போன வருஷம் ராத்திரி இறங்கி, அப்படியே வாடகைக் காரில் கிளம்பினோம். தொப்பூர்க் கணவாயில் டிரைவர் கண் அசந்து, வண்டி ஓரச் சுவரை உரசி நின்றது. யாருக்கும் அடி இல்லை, ஆனால் என் நெஞ்சு அடங்க ஊர் வந்து சேரும்வரை ஆயிற்று. தயவுசெய்து விடிந்ததும் கிளம்புங்கள்.

கஞ்சமலைக்கும் தாரமங்கலத்துக்கும் ஒரே நாளில் எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று தம்பி சொல்கிறான். வேன் சொல்லி வைக்க வேண்டும், வருகிறவர்கள் எத்தனை பேர் என்று ஆனி முடிவதற்குள் எழுதுங்கள். ஆளுக்கொரு துண்டும் குடிதண்ணீரும் எடுத்துக்கொண்டால் போதும். காந்தம் தம்பியிடம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இன்னும் நாலைந்து இங்கிருந்து நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
தோகாவிலிருந்து உங்கள் ஊர்ப் பெண்