ஜாவா: செத்த திருடனையே அடித்துக்கொண்டிருக்கும் காவலாளி

காரைக்குடியில் நண்பர்கள் சேர்ந்து எழுதும் சொந்த கேம், ஆஃப்லைன்தான். செட்டிநாட்டு வீடுதான் களம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று திருடர்கள் நுழைய, காவலாளி தானாகச் சண்டையிட வேண்டும். ஜாவா 17, விண்டோஸ் 11. காவலாளிக்கும் காவல் நாய்க்கும் தனித்தனி த்ரெட் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் நிரல் ஓட்டம்).

திருடனின் உயிர் பூஜ்யமான பிறகும் காவலாளி வளவிலேயே நின்று அவனையே குறிவைக்கிறான். வொய்ல் வளையத்துக்குள் ஒரு பிரிண்ட் வரி போட்டால் சரியாக ஓடுகிறது. எடுத்தால் மறுபடி சிக்கல். கம்பைல் செய்யாமல் இன்டர்ப்ரெட்டரிலேயே ஓடவைக்கும் எக்ஸ்இன்ட் (-Xint) கொடியோடு ஓட்டினாலும் சிக்கல் இல்லை. ஆக, ஓடும்போதே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலர் உயிர் மதிப்பை ஒரே தடவை படித்து வைத்துக்கொள்கிறது.

உயிரை வாலடைல் (மற்ற த்ரெட் எழுதிய புது மதிப்பையே படிக்க வைக்கும் குறிச்சொல்) ஆக்கியதும் காவலாளி நகர்ந்தான். ஆனால் கழித்தல் ஒரே மூச்சில் நடப்பதில்லையே: 100-இல் இரண்டு 30 அடி ஒரே நேரத்தில் விழுந்தால் சில சமயம் 70 மிஞ்சுகிறது. கழித்தலை ஒரே மூச்சில் முடிக்கும் அட்டாமிக் இன்டிஜர் அதைத் தீர்த்தது. இப்போது வேறு தலைவலி. உயிர் 20 இருக்கையில் அதே இரண்டு அடி -10, -40 என்று திருப்ப, சாவு நிகழ்வு இருமுறை எழுந்து ஒரே நகைப்பெட்டி இரண்டாக விழுகிறது.

முந்தைய மதிப்பைச் சோதித்து ஒட்டுப் போடலாம்தான். விஷம், கேடயம் எல்லாம் சேரும்போது அது தாங்காது.

அடிகளை மட்டும் கன்கரன்ட் லிங்க்டு கியூ (பல த்ரெட்கள் பாதுகாப்பாகப் பகிரும் வரிசை) வழியே, கேமை ஒரே த்ரெட்டில் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும் கேம் லூப்பிடம் கொடுத்தால் போதுமா, இல்லை காவலாளி முடிவெடுக்கும் பகுதியையும் அதே த்ரெட்டுக்குள் இழுத்தாக வேண்டுமா?