ரெண்டு தடவை ஃபார்மட் அடிச்சும் வைரஸ் திரும்ப வருதுங்க, எந்த ஆன்டிவைரஸ் வாங்கறது?

சென்னிமலைத்தறி:

வணக்கமுங்க. வீட்டு டெஸ்க்டாப், ஐ3 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஜாப் ஒர்க் கணக்கு டேலியில, ஜிஎஸ்டி, பேங்க் வேலை, பையனோட பள்ளிக்கூடப் பாடம் எல்லாம் இது ஒண்ணுலதானுங்க நடக்குது.

திரையோட வலதுகைக் கீழ்மூலையில "உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ் இருக்குது"ன்னு நிமிசத்துக்கு ஒண்ணு வந்து நிக்குது. ஜெராக்ஸ் கடைக்குப் போயிட்டு வந்த பென் டிரைவைச் சொருகினா உள்ள இருந்த ஃபைல் ஒண்ணையுங் காணோம், ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் இருக்குது. கடையில குடுத்து ரெண்டு தடவை ஃபார்மட் அடிச்சாச்சு. பத்து நாள் நல்லா ஓடுது, அப்புறம் பழையபடியேதான். காசு போட்டு நல்ல ஆன்டிவைரஸ் வாங்கோணும்ங்கறாங்க. எதை வாங்கறதுங்க? டேலி டேட்டா போயிறக் கூடாது, அதுதான் முக்கியம்.

பவானிக்கரை:

காசு கொஞ்ச நாள் பையிலயே இருக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரு இடத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

ஸ்டார்ட்ல விண்டோஸ் செக்யூரிட்டின்னு தட்டித் தெறங்க. வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதுக்குள்ள மேனேஜ் செட்டிங்ஸ். கடைசி வரைக்கும் கீழ உருட்டினா எக்ஸ்குளூஷன்ஸ்னு ஒண்ணு இருக்கும். அந்தப் பட்டியல்ல ஏதாவது டிரைவோ, ஃபோல்டரோ இருந்துதுன்னா விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அக்கட்ட எட்டிக்கூடப் பார்க்காது. நீங்க சேர்க்காம அது எப்படி வந்துது? ஓசி விண்டோஸ், ஓசி ஆஃபீஸை ஆக்டிவேட் பண்ற சின்ன டூலை டிஃபெண்டர் புடிச்சுத் தூக்கிரும். அதனால கடைக்காரங்க முதல்ல எக்ஸ்குளூஷனைச் சேர்த்துட்டு அப்புறந்தான் டூலைப் போடறாங்க. தோட்டத்து நாயைக் கட்டிப்போட்டுட்டுப் படலையும் தெறந்து வெச்ச கணக்கு அது. அப்புறம் நாய் குலைக்கலைன்னு வேற நாய் வாங்கப் போறோம்.

ஆக்டிவேட்டர் எல்லாமே வைரஸ்னு நான் சொல்லலை. ஆனா "ஆன்டிவைரஸை நிறுத்திட்டு என்னை ஓட்டு"ன்னு கேட்கற ஒரு ஃபைலுக்குள்ள வேற என்ன இருக்குதுன்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாதுங்க. கடவுச்சொல் திருடற வகை வைரஸ் நுழையற முக்கியமான வாசல்ல இதுவும் ஒண்ணு, ஏன்னா அட்மின் அனுமதியை நாமளே கையால குடுக்கறோம்.

கீழ்மூலையில வர்ற அறிவிப்பு அநேகமா வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்துல "நீங்க ரோபோ இல்லைன்னா அலோ அமுக்குங்க"ன்னு கேட்டிருக்கும், அமுக்கியிருப்பீங்க. குரோம்ல செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதிச்ச பட்டியல்ல தெரியாத பேரு எல்லாத்தையும் நீக்கிருங்க. மேல இருக்கற ஆப்ஷனை "தளங்கள் கேட்கவே வேண்டாம்"னு மாத்திட்டா இந்தச் சனி மறுபடி வராது. அப்படியே எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் பாருங்க. நீங்க போடாதது ஒண்ணு இருந்தாலும் எடுத்துருங்க.

திரை முழுக்கச் செவப்பாகி, சத்தம் போட்டு, "இந்த நம்பருக்குக் கூப்பிடு"ன்னு வந்தா அதுவும் வெறும் வெப் பக்கந்தான். எஸ்கேப் விசையை அமுக்கிப் புடிங்க, இல்லைன்னா கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை முடிச்சுருங்க. மறுபடி தெறக்கும்போது "ரிஸ்டோர்" கேட்கும், வேண்டாம்னு சொல்லோணும். அந்த நம்பருக்குக் கூப்பிட்டா அடுத்து எனிடெஸ்க் போடச் சொல்லுவாங்க, அவங்க இருந்த இடத்துல இருந்தே உங்க மெஷினை ஓட்டற செயலி அது. உண்மையான சேதம் அங்கதான் ஆரம்பம்.

மஞ்சமூட்டை:

பென் டிரைவ் விஷயம் நான் சொல்றனுங்க. ஃபைல் எங்கயும் போகலை, மறைச்சு வெச்சிருக்குது. அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் பண்ணாதீங்க. பண்ணினா ஃபோல்டரும் தெறக்கும், கூடவே உங்க மெஷின்ல ஸ்கிரிப்டும் ஓடும். ஃபைல் தெறந்துட்டதால யாருக்கும் சந்தேகமே வராது. பரவறதோட சூட்சுமமே அதுதான்.

எக்ஸ்புளோரர்ல வியூ, ஆப்ஷன்ஸ், அதுல வியூ டேப். மறைந்த ஃபைல்களைக் காட்டுங்கறதை வெச்சுட்டு, "புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்களை மறை"ங்கறதோட டிக்கையும் எடுக்கோணும். பல பேரு முதலாவதை மட்டும் பண்ணிட்டு ஒண்ணுந் தெரியலைங்கறாங்க. சிஸ்டம்ங்கற குறியும் சேர்த்துப் போட்டுத்தான் அது மறைக்குது, அதனால ரெண்டும் வேணும். பேரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும். உங்க ஃபைல் பூரா அதுக்குள்ள இருக்கும். பிடிஎஃப், எக்ஸெல், படம் மட்டும் வெளிய எடுத்துட்டு டிரைவை ஃபார்மட் அடிச்சுருங்க. அப்புறம் மறக்காம சிஸ்டம் ஃபைல் டிக்கைத் திரும்பப் போட்டுருங்க.

அதே இடத்துல "தெரிந்த ஃபைல் வகைகளின் எக்ஸ்டென்ஷனை மறை"ங்கறதையும் எடுத்து விடுங்க. இதை மட்டும் பண்ணினாலே பாதி ஏமாத்து வேலை கண்ணுக்குத் தெரிஞ்சுரும். "இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்"னு தெரியறது உண்மையில "இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ"யா இருக்கும், மேல பிடிஎஃப் படமும் ஒட்டியிருக்கும். பார்ட்டி பேருல மெயில்லயோ வாட்ஸ்அப் வெப்லயோ ஜிப் வந்தா, உள்ள எக்ஸ்இ, விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே இதுல எது இருந்தாலும் தொடாதீங்க. எந்த மில்லும் நூல் பில்லை எக்ஸ்இயா அனுப்பறதில்லை.

ஜெராக்ஸ் கடைக்கு இனிமே ஒரு தனி பென் டிரைவ், அதுல அன்னைக்கு பிரிண்ட் எடுக்கற ஃபைல் மட்டும். வந்ததும் ஃபார்மட். டேலி பேக்கப் வெச்சிருக்கற டிரைவைக் கடைப்பக்கமே கொண்டு போகாதீங்க.

சென்னிமலைத்தறி:

பார்த்துட்டனுங்க. எக்ஸ்குளூஷன்ல சி டிரைவ் முழுசா இருக்குது. "டி"யில சாஃப்ட்வேர்ன்னு ஒரு ஃபோல்டரும் இருக்குது. ரெண்டையும் எடுத்துட்டு ஸ்கேன் போட்டா அந்த ஃபோல்டர்ல மட்டும் 4 சிக்குச்சு. ரெண்டுல "ட்ரோஜன்"னு போட்டிருக்குது. நீக்கியாச்சு. இத்தோட சரியாப் போச்சுங்களா?

நூல்கண்டு:

இல்லைங்க. ரெண்டு தடவை ஃபார்மட் பண்ணியும் ஏன் போகலைங்கறதுக்குப் பதில் உங்க வாயிலயே வந்துருச்சு. கடைக்காரர் சி டிரைவை மட்டும் அழிச்சிருக்காரு. உங்க ஃபைல் போகக் கூடாதேன்னு டி டிரைவை அப்படியே விட்டுட்டு, அங்கயே இருக்கற சாஃப்ட்வேர் ஃபோல்டர்ல இருந்து பழைய செட்டப்பை மறுபடி ஓட்டியிருக்காரு. வியாதியும் மருந்தும் ஒரே டப்பாவுல இருந்தா எத்தனை தடவை குடிச்சும் என்ன பிரயோசனம்?

சி டிரைவையே விலக்கி வெச்ச மெஷின்ல என்ன ஓடிச்சு, என்ன போச்சுன்னு இப்ப கணக்கெடுக்க முடியாது. பேங்க் வேலை நடக்கற மெஷின் வேற. நான் சொல்றது: ஒரு தடவை சுத்தமா அழிச்சுப் போடுங்க. இந்த வரிசையில:

முதல்ல நெட் கேபிளைப் புடுங்குங்க. டேலியில ஆல்ட் வொய் அமுக்கி பேக்கப் எடுத்து, காலி பென் டிரைவ்ல போடுங்க. டேட்டா ஃபோல்டரையும் தனியா ஒரு நகல்; வேற இடம் மாத்தலைன்னா சி டிரைவ்ல யூசர்ஸ், பப்ளிக், அதுக்குள்ள டேலிபிரைம், டேட்டா. ஒவ்வொரு கம்பெனிக்கும் எண்தான் ஃபோல்டர் பேரா இருக்கும். மத்தபடி எக்ஸெல், பிடிஎஃப், படம், அவ்வளவுதான். செட்டப் ஃபைல் ஒண்ணுகூட எடுக்காதீங்க, "இது நல்ல செட்டப்புங்க"ன்னு யாரு சொன்னாலும் சரி. அப்புறம் நெட்டை ஒரு அஞ்சு நிமிசம் சொருகி, டேலி லைசென்ஸ் பகுதியில போயி சரண்டர், அதாவது லைசென்ஸைத் திருப்பி ஒப்படைச்சுருங்க. இதை விட்டுட்டு அழிச்சுப்போட்டு, திரும்ப ஆக்டிவேட் பண்ண அலையறவங்க நிறைய.

அடுத்தது, வேற ஒரு சுத்தமான மெஷின்ல மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்தே மீடியா கிரியேஷன் டூலை எறக்கி, 8 ஜிபி பென் டிரைவ்ல விண்டோஸ் போடுங்க. கடைக்காரர் கையில இருக்கற பென் டிரைவ் வேண்டாம். இன்ஸ்டால்ல கஸ்டம்னு எடுத்து, அந்த டிஸ்க்ல இருக்கற எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் பண்ணுங்க, "டி"யும் சேர்த்து. பேக்கப் டிரைவ் அந்த நேரத்துல மெஷின்ல சொருகி இருக்கக் கூடாது, தவறி அதையும் அழிச்சுருவோம்.

லைசென்ஸ்: பிராண்டட் மெஷின்னா விண்டோஸ் சாவி பெரும்பாலும் மதர்போர்டுலயே இருக்கும், நெட்டோட இணைஞ்சதும் தானா ஆக்டிவேட் ஆயிரும். அசெம்பிள் பண்ணினதுன்னா வாங்கித்தான் ஆகோணும். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ்ல மூலையில எழுத்து நிக்கும், வால்பேப்பர் மாத்த விடாது. கிராக்கைவிட அது எவ்வளவோ மேல். ஆஃபீஸுக்கு லிப்ரே ஆஃபீஸ் போதும், காசு இல்லை.

கடவுச்சொல்லை எல்லாம் செல்ஃபோன்ல இருந்து மாத்துங்க, இந்த மெஷின்ல இருந்து இல்லை. மெயில் முதல்ல, ஏன்னா மத்ததோட சாவி எல்லாம் அதுலதான் வரும். பேங்க், ஜிஎஸ்டி போர்ட்டல் அப்புறம். மாத்தினா மட்டும் போதாது. திருடற வகை, நீங்க உள்ள நுழைஞ்சதை ஞாபகம் வெச்சுக்க பிரவுசர்ல இருக்கற குக்கியையும் சேர்த்து எடுத்துட்டுப் போகுது, அதை வெச்சு கடவுச்சொல், ஓடிபி எதுவும் இல்லாமயே உள்ள வரலாம். கூகுள் அக்கவுன்ட்ல செக்யூரிட்டி, உங்க சாதனங்கள் பகுதியில எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணுங்க. ஜிமெயில்ல ஃபார்வர்டிங், ஃபில்டர் ரெண்டையும் பாருங்க. பேங்க் மெயிலை யாருக்கோ திருப்பி விட்டிருந்தா அங்கதான் தெரியும்.

ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வெச்சிருந்தா, தாக்கல் முடிஞ்சதும் கழட்டி மேஜை டிராயர்ல போடுங்க. வருசம் பூரா சொருகியே வெக்கறது பல ஊட்டுல பார்க்கலாம்.

பவானிக்கரை:

நூல்கண்டு சொன்னதுதான் சரி, நான் கொஞ்சம் லேசா எடுத்துட்டேன். ரெண்டு மூணு மட்டும் சேர்க்கறேன்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னு போச்சு. ஐ3 ஆறாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறைப்படி வராது, இன்டெல்ல எட்டாம் தலைமுறையில இருந்துதான் பட்டியல்ல இருக்குது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல நுழைஞ்சு, செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல நீட்டிப்புக்குப் பதிவு பண்ணினா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணினா காசு கேட்காது. 22எச்2 பதிப்பு இருக்கோணும். டிஃபெண்டரோட வைரஸ் பட்டியல் 2028 வரைக்கும் வரும்ங்கறதை நம்பி உக்காந்துக்காதீங்க. பட்டியல் வேற, ஓட்டை அடைக்கறது வேற. வான்னாகிரைங்கற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கற வகை) 2017 மே மாசம் உலகம் பூரா அடிச்சப்ப, அந்த ஓட்டைக்கான ஒட்டு அந்த மார்ச் மாசமே வந்திருந்துது. போடாதவங்கதான் மாட்டினது.

விண்டோஸ் போட்டதும் ரெண்டு யூசர் உண்டாக்குங்க. ஒண்ணு அட்மின், நீங்க மட்டும். தினசரி வேலைக்கும் பையனுக்கும் ஸ்டாண்டர்ட் யூசர். விளையாட்டு மாட், சீட் கோடுன்னு எறக்கினாலும் அட்மின் அனுமதி வேணுங்கறது எல்லாம் கடவுச்சொல் கேட்டு நின்னுக்கும். பையன்கிட்ட இதையும் சொல்லி வைங்க: "ரோபோ இல்லைன்னு நிரூபிக்க விண்டோஸ் விசையும் ஆர்-உம் அமுக்கு, கன்ட்ரோல் வி அமுக்கு, என்டர் தட்டு"ன்னு ஒரு பக்கம் கேட்டா உடனே மூடோணும். அந்தப் பக்கம் ஒரு கட்டளையைக் காப்பி பண்ணி வெச்சிருக்கும், நாமளே ஒட்டி நாமளே ஓட்டறோம். இதுக்கு ஸ்டாண்டர்ட் யூசரும் முழுக் காப்பு இல்லை, அந்த யூசரோட பிரவுசர் கடவுச்சொல் போயிரும்.

மஞ்சமூட்டை:

டேலி டேட்டாதான் முக்கியம்னு கேட்டிருந்தீங்க, அதைப் பத்தி யாரும் முழுசாச் சொல்லலையே. ரான்சம்வேர் வந்தா மெஷின்ல சொருகி இருக்கற எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிரும். அதனால ரெண்டு டிரைவ், இந்த வாரம் ஒண்ணு, அடுத்த வாரம் இன்னொண்ணு. எடுத்ததும் கழட்டி பீரோவுல. டேலி டேட்டா அளவு சின்னது, 32 ஜிபி பென் டிரைவே தாராளம். மாசம் ஒருக்கா அதுல இருந்து வேற ஃபோல்டர்ல ரிஸ்டோர் பண்ணி, கடைசி வவுச்சர் தேதி வருதான்னு பாருங்க. தெறக்காத பேக்கப்பைப் பத்திரமா வெச்சுட்டு என்ன பண்றது?

கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்னு ரான்சம்வேர் காப்பு டிஃபெண்டர்லயே இருக்குது, ஆன் பண்ணலாம். ஆனா டேலி டேட்டா ஃபோல்டர் தானா அதுல சேராது, கையால சேர்க்கோணும். சேர்த்ததும் டேலியே எழுத முடியாம பிழை காட்டலாம். பயப்படாம "அலோ அன் ஆப்"ல டேலியோட எக்ஸ்இயைச் சேர்த்துருங்க. வெளிய வாங்கின ஆன்டிவைரஸ் போட்டீங்கன்னா டிஃபெண்டர் ஒதுங்கிக்கும், இந்தக் காப்பும் கூடவே போயிரும். வாங்கித்தான் ஆகோணும்னா அதுலயும் இதே மாதிரி வசதி இருக்குதான்னு கேட்டுட்டு வாங்குங்க. ரெண்டு ஆன்டிவைரஸ் ஒண்ணா மட்டும் வேண்டாம், 8 ஜிபி ராம்ல மெஷின் மாடு மாதிரி படுத்துக்கும்.

சென்னிமலைத்தறி:

ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கிழமை உக்காந்து பண்ணிப் போடறேன். ஒரே ஒரு சந்தேகம், இதுக்குள்ள பேங்க்ல காசு ஏதாச்சும் போயிருந்தா?

நூல்கண்டு:

ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. ஸ்டேட்மென்ட்டை இப்பவே செல்ஃபோன்ல பாருங்க, பணம் அனுப்பறதுக்குன்னு புதுசா சேர்ந்த பெனிஃபிஷியரி கணக்கு இருக்குதான்னும் பாருங்க. தெரியாத பற்று ஒண்ணு இருந்தாலும் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிட்டுப் பேரு, அக்கவுன்ட், தொகை, பரிவர்த்தனை எண் சொல்லுங்க. காசு அடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள நிறுத்தற வாய்ப்பு அப்பத்தான். பேங்க்குக்கும் சொல்லி நெட்பேங்கிங்கை முடக்கிருங்க. அப்படி ஏதாவது இருந்துதுன்னா மெஷினை அழிக்காதீங்க, அணைச்சு அப்படியே வெச்சிருங்க, போலீஸ் கேட்பாங்க.

காளிங்கராயன்:

லேட்டா வந்தேன். ரவுட்டரை விட்டுட்டீங்க. அடியில ஒட்டியிருக்கற அட்மின் கடவுச்சொல்லை மாத்துங்க, டபிள்யூபிஎஸ் (கடவுச்சொல் இல்லாம பட்டன்லயோ பின்லயோ வைஃபைல சேர்றது), ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளிய இருந்து ரவுட்டரை மாத்தறது) ரெண்டையும் அணைங்க. டிஎன்எஸ்ல, அதாவது தளத்தோட பேருக்கு நெட் முகவரியைத் தேடித் தர்ற இடத்துல, 9.9.9.9 அல்லது 1.1.1.2 போட்டா தெரிஞ்ச வைரஸ் தளங்களை அதுவே தடுத்துரும், காசு இல்லை. போட்டதுக்கப்புறம் ஏதாவது நல்ல தளம் தெறக்கலைன்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படோணும்.