மறுமொழி: 'ரோசெட்' தமிழில் – 'தாமரையடுக்கு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செடியின் இலைகள் ஒரே இடத்தைச் சுற்றி நெருக்கமாக வட்டமாய் விரிந்திருக்கும் அமைப்பை ஆங்கிலத்தில் 'ரோசெட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த 'இலைவட்டம்', 'ரோஜாவடுக்கு' என்ற இரண்டு சொற்களையும் நான் மொழிபெயர்த்துவரும் கட்டுரையில் போட்டுப் பார்த்தேன். ராபின்ஸ் சிங்க்ஃபாயில் என்ற சின்ன மஞ்சள் பூவைப் பற்றிய கட்டுரை அது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வொயிட் மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக முளைப்பதில்லை. மரங்களே நிற்காத உயரத்தில், வாஷிங்டன் சிகரத்தை அடுத்த சரளைப் பரப்பில் வளர்கிறது. 1934இல் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவான சிகரம் அது. அங்கே தண்டை நீட்டி நின்றால் பிழைக்க முடியாது. அதனால் இந்தச் செடி, மென்மயிர் படர்ந்த குட்டி இலைகளை வேரின் தலையைச் சுற்றி நெருக்கமாக விரித்து, தரையோடு தரையாகக் கிடக்கிறது. முழுச் செடியுமே ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

இந்த இலை அமைப்புக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

'இலைவட்டம்' எனக்குச் சரிப்படவில்லை. அரளியில் ஒரே கணுவில் மூன்று இலைகள் வருகின்றனவே, அதைப் பாடநூல்கள் 'வட்ட இலையமைவு' என்கின்றன. இரண்டும் ஒன்றென்று மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். 'ரோஜாவடுக்கு' இன்னும் சிக்கல். இந்தச் செடி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைச் சொல்கிறோம் என்றே படிப்பவர் நினைப்பார்.

குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். அதற்கும் தாமரைக்கும் உறவில்லை. ஆனாலும் அந்த இலைகள் விரிந்திருக்கும் கோலத்தில் நம் மக்கள் தாமரையைக் கண்டிருக்கிறார்கள். அதுவும் ரோசெட்தான். 'அடுக்கு' என்பதோ அடுக்குமல்லி, அடுக்குச் செம்பருத்தி என்று பூச்செடி வளர்ப்பவர்கள் நாவில் ஏற்கெனவே புழங்குவது. ஆகவே 'தாமரையடுக்கு'. தாமரை என்றால் பூதானே நினைவுக்கு வரும் என்று கேட்பீர்கள். முதல் முறை 'இலைத் தாமரையடுக்கு' என்று எழுதிவிட்டால் போதும்.

என் வரைவில் இப்படி வருகிறது:

"பழைய நடைபாதை இச்செடிகளின் நடுவே போனது. இலைத் தாமரையடுக்காகத் தரையில் ஒட்டிக் கிடந்தவை நடப்பவர் கண்ணில் படாமலே மிதிபட்டன. 1980இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தார்கள். அப்புறம் பாதையை வேறு பக்கம் திருப்பி, நாற்றுகளை நட்டு வளர்த்து, 2002இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்."

சத்தமாக வாசித்தால் எங்கேயாவது இடறுகிறதா, சொல்லுங்கள்.

இன்னொன்று. சிங்க்ஃபாயில் என்றால் ஐந்திலை என்று பொருள். ஆனால் இந்தச் செடியின் இலையில் மூன்று சிற்றிலைகள்தான். அதனால் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.