அல்பி நகரத்து ஆயர் மாளிகையும் நம் வளவு வீடுகளும்

கேள்வி (காரைக்குடி வாசகர்):
பிரான்சின் தெற்கே தார்ன் ஆற்றங்கரையில் உள்ள அல்பி நகரத்தில், 13-ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் தங்களுக்கெனக் கட்டத் தொடங்கிய பெர்பி மாளிகையைப் பற்றிப் படித்து வருகிறேன். கோட்டை போல் எழுந்து நிற்கும் அந்தச் செங்கல் மாளிகை, அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆயரின் இல்லமாக நீடிக்கவில்லை, ஆயினும் பாழடையவில்லை. அவ்வூரில் பிறந்த ஓவியர் துலூஸ் லோத்ரெக்கின் படைப்புகளுக்கான அருங்காட்சியகம் 1922 முதல் அங்கே இருக்கிறது. 2010-இல் பேராலயத்தோடும் பழைய நகரத்தோடும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது. பாட்டையா காலத்தில், நடுவே திறந்த முற்றம் வைத்துக் கட்டிய எங்கள் வளவு வீட்டில் பங்காளிகள் யாரும் இப்போது குடியில்லை. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் கதவு திறக்கிறது. குடியிருந்தவர்கள் போன பிறகும் கட்டடத்தைக் காப்பாற்ற அங்குள்ள சட்டம் என்ன செய்கிறது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (தேவகோட்டை வாசகர்):
ஐயா, அடிப்படையானது 1913 டிசம்பர் 31-ஆம் நாள் சட்டம். அதன்படி வரலாற்றுச் சின்னமாக அரசு பட்டியலிட்ட கட்டடத்தை, அது அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், அரசின் இசைவில்லாமல் இடிக்கவோ மாற்றவோ பழுதுபார்க்கவோ கூடாது. விற்கலாம், ஆனால் வாங்குபவரையும் அதே கட்டுப்பாடு தொடரும். அதற்கு ஈடாக, பழுதுபார்க்கும் செலவுக்கு உரிமையாளருக்கு வருமான வரியில் சலுகை உண்டு.

என் பார்வையில் நமக்கு மிகவும் வேண்டியது 2016-இல் அங்கே வந்த ஒரு திருத்தம். கட்டடத்தோடு பொருத்தப்பட்ட மரவேலை, கணப்படுப்பு போன்றவற்றையும் இசைவின்றிப் பெயர்த்தெடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. நம் வீடுகள் இடிந்து விழுவதற்கு முன்பே உருவப்பட்டுவிடுகின்றன. முகப்பு நிலையும், பட்டகசாலை என்னும் கூடத்தின் பர்மா தேக்குத் தூண்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் வழியாக எங்கெங்கோ போய்ச் சேர்ந்த பிறகு, மிஞ்சிய சுவரைப் பாதுகாத்து என்ன பயன்? செட்டிநாட்டு நகரத்தார் ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் ஒரு தூணையும் பிடித்து நிறுத்தாது.

பதில் (கானாடுகாத்தான் ஆச்சி):
தம்பி சொல்வது சரிதான். ஆனால் சட்டத்தைவிட முதலில் வேண்டியது ஆள் புழக்கம். அல்பியில் அருங்காட்சியகம் வந்ததால்தான் கூரையை அன்றாடம் கவனிக்க ஆள் இருக்கிறது. ஊருக்கு ஊர் அருங்காட்சியகம் வைக்க நம்மால் இயலாது. கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் ஒரு வீட்டைச் செப்பனிட்டு விடுதியாக்கியதைப் போல ஏதேனும் ஒரு பயன்பாடு வேண்டும்.

அதுவரை கூரைகள் கூடும் மூலையான கூடல்வாயைப் பாருங்கள். வளவின் நான்கு தாழ்வாரக் கூரைகளும் சேரும் மூலைகளில் தகடு துருப்பிடித்தால், முற்றத்துக்குப் போக வேண்டிய மழைநீர் உத்திரத்தின் முனைக்குள் இறங்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மரம் மாவாக உதிரும். சுவரில் ஈரம் தெரிகிறது என்று சிமெண்டு பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட வேண்டும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துப் பூச்சைப் பெயர்த்துவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஆச்சி. ஒருவர் பங்கை மட்டும் விற்றுவிட்டால் அவர் பகுதித் தூண்களும் போய்விடும் என்பதே எங்கள் பெரிய அச்சம். அதைத் தடுக்க வழியுண்டா?

பதில் (கானாடுகாத்தான் ஆச்சி):
தூண், நிலை, கதவு, ஆத்தங்குடித் தளம் அனைத்தையும் படமெடுத்துப் பட்டியலிட்டு, பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சம்மதிக்காமல் எதையும் பெயர்ப்பதில்லை என்று அதிலேயே எழுதி, வழக்கறிஞரிடம் காட்டிப் பதிவும் செய்துவிடுங்கள். கூடல்வாய்ச் செலவைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரியாகப் பிரித்துக்கொண்டு, ஐப்பசி மழைக்கு முன் தகட்டை மாற்றிவிடுங்கள்.