பட்டமளிப்புக் கார் ஊர்வலமும் உணவுத் திரட்டலும் ஒரே நாளில்: சரியா, தவறா?

வேம்பு:
கொரோனா காலச் சேவை பற்றிப் பேச்சு வந்தாலே, "கொண்டாட்டத்தை விட்டுவிட்டு அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். 2020 வசந்தத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் மூடியதும், கறுப்பினப் பெண்களின் சொரோரிட்டி என்கிற கல்லூரிப் பெண்கள் சங்கக் கிளைகள் பலவும் பட்டம் பெறும் பெண்களுக்குக் கார் ஊர்வலம் நடத்தின, உணவும் திரட்டின. இரண்டையும் ஒரே நாளில் வைப்பதுதான் சரி என்பது என் கட்சி.

சொரோரிட்டி என்பது வெறும் கல்லூரித் தோழிகள் கூட்டம் அல்ல. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா (1908), டெல்டா சிக்மா தீட்டா (1913), ஸீட்டா ஃபை பீட்டா (1920) மூன்றும் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவை. சிக்மா காமா ரோவை 1922-இல் இண்டியானாபொலிஸில் ஏழு ஆசிரியைகள் தொடங்கினார்கள். பட்டம் வாங்கியதோடு உறவு முடிவதில்லை. ஊருக்கு ஊர் பட்டதாரிகள் கிளை இருக்கிறது, வேலையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

முறை எளிது. பெரிய பார்க்கிங் ஒன்றில் கார்கள் ஒற்றை வரிசையில் கூடும். ஒரு காருக்கு ஒரே வீட்டார். உணவு டிக்கியில் இருக்கும், ஓட்டுநர் உள்ளிருந்தே திறப்பார், முகக்கவசம் போட்ட இருவர் எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு ஊர்வலம். வாழ்த்த வருகிற கூட்டமே கொடுக்கவும் செய்கிறது.

கணக்குப்பிள்ளை:
வேம்பு அக்கா, நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை, கணக்கில்தான் சண்டை. 40 கார், காருக்கு 15 பவுண்டு எடை உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 600 பவுண்டு. 1.2 பவுண்டுக்கு ஒரு வேளை என்பது, உணவைத் திரட்டி ஏழைகளுக்குப் பகிரும் உணவு வங்கிகளின் வழக்கமான கணக்கு. ஆக 500 வேளை.

அந்த 600 பவுண்டும் கலந்து கட்டியாக வரும். மூட்டு ஓரத்தில் நசுங்கிய டின், உப்பிய டின், தேதி போனது, வீட்டில் போட்ட ஊறுகாய், கண்ணாடிப் பாட்டில் எல்லாவற்றையும் ஒருவர் கையால் எடுத்துப் பார்த்துக் கழிக்க வேண்டும். பிரிக்கிற தன்னார்வலர்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்த நேரம் அது. பல உணவு வங்கிகள் தனியார் கொண்டுவரும் டப்பாக்களை வாங்குவதையே நிறுத்தி வைத்தன. அதே 40 வீடும் ஆளுக்கு 15 டாலர் அனுப்பினால் 600 டாலர். ஒரு டாலர் பத்து வேளைக்கு உதவும் என்பது உணவு வங்கிகளின் கூட்டமைப்பான ஃபீடிங் அமெரிக்கா சொல்லிவந்த கணக்கு.

காசாகக் கொடுக்கும் பழக்கம் சொரோரிட்டிப் பெண்களுக்குப் புதிதும் இல்லை. 2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் மேடையில் "சித்தி" என்றதை நாம் கொண்டாடினோம். அதே உரையில் தன் குடும்பம் என்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் சொன்னார். அவர் துணை அதிபர் வேட்பாளர் ஆனதும் சங்கத்துப் பெண்கள் 1908-ஐ நினைத்து 19.08 டாலர், 19.08 டாலராக நன்கொடை அனுப்பினார்கள். அதுபோல ஒரு தொகையைச் சொல்லி உணவு வங்கிக்கு அனுப்பச் சொல்வதில் என்ன குறை?

வேம்பு:
அந்தப் பத்து வேளை, கடையில் அரிசி பருப்பு வாங்குகிற விலை அல்ல தம்பி. பண்ணையும் கடைகளும் இலவசமாகத் தருவதை ஏற்றி, இறக்கி, பகிர்கிற செலவையும் சேர்த்துப் போட்ட கணக்கு. 600 டாலரைக் கையில் கொடுத்தால் 6,000 தட்டு நிறைந்துவிடாது.

இன்னொன்று. உணவு வங்கிக் கிடங்கு ஊரின் ஒரு முனையில் இருக்கும். கார் இல்லாத பாட்டி அங்கே எப்படிப் போவார்? மிசிசிப்பியில் 1935 முதல் 1942 வரை ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா கோடைதோறும் மருத்துவ முகாம் நடத்தியது. டாக்டர் டாரதி போல்டிங் ஃபெரிபீ முன்னின்றார். குத்தகை உழவர்கள் முகாமுக்குப் போக நில முதலாளிகள் விடவில்லை. உடனே இந்தப் பெண்கள் தங்கள் கார்களில் மருந்தை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே போய், பிள்ளைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். வீட்டு வாசல்வரை போகிற கார்தான் அவர்கள் பலம். காசோலைக்கு அந்தக் கால் கிடையாது.

ஊசிநூல்:
இருவரும் முகக்கவசத்தை மறந்துவிட்டீர்கள். 2020 மே மாதம் கிளைகள் கையிலெடுத்த வேலைகளில் அதுவும் முக்கியமானது, அதிகம் வீணானதும் அங்கேதான்.

துணிக்கவசம் போடச் சொல்லி நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) அறிவித்தது 2020 ஏப்ரல் 3. அவர்கள் கொடுத்த அளவு: 10 அங்குலத்துக்கு 6 அங்குலம் பருத்தித் துண்டு இரண்டு, 6 அங்குல எலாஸ்டிக் இரண்டு. இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நீளப் பக்கம் கால் அங்குலம் மடித்து அடி. அகலப் பக்கம் அரை அங்குலம் மடித்து அடி. அந்தக் குழலில் எலாஸ்டிக்கைக் கோத்து முடிந்து, முடிச்சை உள்ளே இழுத்துவிடு.

44 அங்குல அகலத் துணி ஒரு கெஜத்தில் 24 துண்டு வரும், 12 கவசம் ஆகும் என்று தாளில் தெரியும். துவைத்து வெட்டினால் நீளம் 36 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்துவிடும், ஆறாவது வரிசை கிடைக்காது. 20 துண்டு, 10 கவசம்தான். துவைக்காமல் வெட்டினால் 12 வரும், ஆனால் முதல் சலவையிலேயே சுருங்கி மூக்கை மூடினால் தாடை தெரியும். 10 கவசத்துக்கு எலாஸ்டிக் மூன்றேகால் கெஜத்துக்கும் கொஞ்சம் கூட. அப்போது கடைகளில் எலாஸ்டிக்கே இல்லை. பழைய டீ-ஷர்ட்டைக் குறுக்குவாட்டில் ஒரு அங்குலப் பட்டையாக வெட்டி இழுத்தால் தானே சுருண்டு கயிறாகும், காதையும் அறுக்காது.

சொரோரிட்டி நிறத்தில் தைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. டெல்டாவின் அடர்சிவப்புத் துணியைத் தனியாக இரண்டு முறை அலசாவிட்டால், உள்பக்க வெள்ளைத் துண்டில் சாயம் ஏறி, போட்டவர் உதட்டிலும் ஒட்டும். இன்னொரு தவறு, சங்கப் பெயரின் கிரேக்க எழுத்தை இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் வினைல் படமாக நடுவில் ஒட்டுவது. வினைல் வழியே மூச்சு போகாது. மூச்சுக் காற்று முழுக்க ஓர இடைவெளியில் போய்விடும், கவசம் போட்டும் பயன் இல்லை. தவிர, அந்த எழுத்தை உறுப்பினர் அல்லாதவர் அணியக் கூடாது என்பது அவர்கள் மரபு. ஊருக்குக் கொடுப்பதில் நிறம் மட்டும் போதும்.

அரளி:
ரத்த தானத்தையும் சேருங்கள். கல்லூரிகள் மூடியதில் முகாம்கள் நின்றுபோயின. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளில் 365-க்கு ஒன்று, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயோடு பிறக்கிறது. திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டியவர்களுக்கு நுணுக்கமான பொருத்தம் வேண்டும், அது தங்கள் இனத்தாரிடமே எளிதில் கிடைக்கும். இதை ஊர்வலத்தோடு சேர்க்க முடியாது, முன்பதிவு வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், ஒருமுறை கொடுத்தால் 56 நாள் இடைவெளி. மே முதல் வாரம் கொடுத்தவர் ஜூலையில் மறுபடி கொடுக்கலாம்.

மல்லி:
எல்லாரும் சேவையையே பேசுகிறீர்கள். பட்டம் வாங்குகிற பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி முடிக்கிறவள் அந்தக் கூட்டத்தில் இருப்பாள். கானாவில் தறியில் நான்கு அங்குலப் பட்டையாக நெய்கிற கென்டே துணி, சங்கத்து எழுத்துப் போட்டுத் தோளில் அணிகிற துணிப்பட்டை, இதற்காக நான்கு வருடம் காத்திருந்தவள். அதை வெட்டிச் செலவு என்று யாரும் சொல்லக் கூடாது.

அவள் வீட்டு வாசலில் நடுகிற வாழ்த்துப் பலகையையும் ஒழுங்காகச் செய்யுங்கள். 18-க்கு 24 அங்குலம் நெளி பிளாஸ்டிக். உள்ளே ஓடும் குழல்கள் மேலிருந்து கீழாக இருக்கும்படி அச்சடிக்கச் சொல்ல வேண்டும். குறுக்காக அடித்துவிட்டால் கம்பிக் கால் நுழையாது, அத்தனை பலகையும் வீண். நடைபாதை ஓரத்தில் நட்டால் நகராட்சி பிடுங்கிவிடும், புல்வெளிக்கு உள்ளே நடுங்கள்.

ஜூம் விழா வைத்தால் கட்டணக் கணக்கில் வையுங்கள். இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், அகரவரிசையில் கடைசியாக வருகிற பெண்களின் பெயர் வராமலே போகும்.

கணக்குப்பிள்ளை:
மல்லி அக்கா சொன்னதை மறுக்கவில்லை. கொண்டாட்டச் செலவில் நான் கை வைக்கச் சொல்லவே இல்லை. டிக்கி உணவில்தான் எனக்குப் பயம். பால், முட்டை, சமைத்த சோறு வந்தால் என்ன செய்வீர்கள்? 4 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெளியே 32 டிகிரி தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மே மாத ஜார்ஜியா மாநில வெயிலில் மூடிய டிக்கி என்ன சூடு ஏறும்!

வேம்பு:
அதை ஏற்றுக்கொள்கிறேன். கெட்டுப்போகிற எதுவும் வேண்டாம் என்று அழைப்பிலேயே போட வேண்டும். எதை வேண்டுமானாலும் கொண்டுவா என்பதும் வேண்டாம். வீட்டுக்கு இரண்டே பொருள்: பிளாஸ்டிக் டப்பாவில் வேர்க்கடலை வெண்ணெய், டின்னில் மீன். பிரிக்கிற வேலை பாதி குறையும். வரிசை முகப்பில் கியூஆர் அட்டை ஒன்று வைத்தால் உங்கள் காசும் வரும். திரட்டலை முதலில் முடித்து, பெட்டிகள் வேனில் ஏறிய பிறகே ஊர்வலம் கிளம்பட்டும்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் சரி. அட்டை முகப்பில், பெட்டி பின்னால். காசு கொடுத்தவர் டிக்கி திறக்காமல் நேரே போக ஒரு தடம் விடுங்கள், வரிசை தேங்காது. பெட்டியை 20 பவுண்டுக்கு மேல் நிரப்ப வேண்டாம், அடி கிழியும். தூக்க ஆள் பற்றாவிட்டால் பட்டம் வாங்குகிற பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மல்லி:
அது மட்டும் கூடாது தம்பி. பட்டமளிப்பு அங்கியின் கை மணி போல அகலமாகத் தொங்கும், டிக்கிப் பூட்டில் மாட்டிக் கிழியும். பெட்டி தூக்க எங்களைப் போல மற்றவர்கள் வரட்டும். அன்றைக்கு அவள் காரில் உட்கார்ந்து கையசைக்கட்டும்.